கிட்னி மாற்றச் சிகிச்சைக்குப் போகிறவர்களின் வழிச்செலவு நிதி: உங்கள் பங்கை வேண்டுகிறோம்

மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு வணக்கம், ஸலாம்.

படுவான்கரையில் ஒரு தம்பி. இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன. ஒன்றைத் தர அக்கா தயார், இரத்த வகையும் சரிவந்தது. ஆனாலும் காரியம் ஒன்றரை வருடமாக நகரவில்லை. கேட்டால் நம்ப மாட்டீர்கள், பஸ் காசுதான் காரணம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் வரும் குடும்பங்கள் அதற்காகக் கண்டிக்கு அலைகிறவர்கள். ஒரு தடவையில் முடிகிற அலைச்சலா அது? தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இரத்தம், இதயம், ஸ்கேன், திசுப் பொருத்தம் என்று சோதனை மேல் சோதனை. சிலதை வெளியில் காசு கட்டிச் செய்ய வேண்டிவரும். நோயாளிக்கோ கிழமைக்கு இரண்டு மூன்று தரம், நாலு மணித்தியாலம் வீதம் டயாலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. இடையில் கிடைக்கும் நாளில்தான் கண்டிப் பயணம். மகியங்கனை தாண்டி 18 வளைவு மலைப்பாதையில் பஸ் ஏறும்போது நல்ல உடம்புக்காரருக்கே தலை சுற்றும். கூடப்போகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. சிங்களத்தில் சொன்னது விளங்காமல் தேதியைத் தவறவிட்டவர்களும் உண்டு.

மாற்றிய பிறகும் பயணம் ஓயாது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். முதல் மாதங்களில் அடிக்கடி கிளினிக். தொற்று எளிதில் பிடிக்கும் அந்தக் காலத்தில் நெரிசல் பஸ்ஸில் போகச் சொல்லலாமா? டவுனில் வாகனம் உள்ள குடும்பம் எப்படியோ சமாளிக்கும். வெல்லாவெளியில் கூலிக்கு வயலில் இறங்கும் குடும்பம் பாதியில் நின்றுவிடுகிறது.

உலகம் முழுக்க உயிரோடு கிட்னி தருகிறவர்களில் பெண்களே அதிகம். பெறுகிறவர்களில் அவர்கள் குறைவு. "மனுசிக்கு நோய் வந்தால் யார் தருவார்?" என்று குழுவில் உள்ள அக்காமார் கேட்டபோது ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. ஆகவே பெண் நோயாளிகளின் விண்ணப்பங்களை முதலில் எடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.

கோயில், பள்ளிவாசல், சேர்ச் நிர்வாகத்தினரும் டயாலிசிஸ் குடும்பங்களும் சேர்ந்து இந்த நிதியைத் தொடங்குகிறோம். வான் கூலி, கண்டியில் ஒரு வாடகை அறை, வெளிச்சோதனைக் காசு, கூடப்போகச் சிங்களம் தெரிந்த ஒருவர், இவ்வளவுக்குத்தான். கிட்னிக்கு விலையாக ஒரு சதமும் போகாது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அந்தக் கதையோடு யாரும் எங்களிடம் வர வேண்டாம்.

ஒரு நாள் கூலி தாருங்கள். பெரும்போகம் வெட்டியதும் ஒரு மூட்டை நெல்லாகத் தந்தாலும் சரி. வான் வைத்திருப்பவர் மாதம் ஒரு ஓட்டம் தரலாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் மாதாமாதம் சிறு தொகை அனுப்பினால் அறை வாடகைக்கு நாங்கள் பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மூன்று இடத்து அறிவித்தல் பலகையிலும் மாதாமாதம் ஒட்டப்படும்.

அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அடுத்த கிளினிக் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. அதற்குள் முதல் வான் கூலி சேர வேண்டும்.

இப்படிக்கு,
நிதிக் குழுவினர்