மின்கலப் பெட்டியின் கொள்ளளவை யூனிட்டில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதிகளில் கூடாரமடித்துத் தங்குவோருக்கும், மின்தடையைச் சமாளிக்க விரும்பும் வீட்டாருக்கும் பயன்படும், கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின்கலப் பெட்டிகளான போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விலை, எடை, எத்தனை சாக்கெட், எத்தனை யுஎஸ்பி முனை என்பதெல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்ற அடிப்படைச் செய்தி மட்டும் ஒரு பெட்டிக்கு மில்லி ஆம்பியர் மணியிலும், இன்னொன்றுக்கு வாட்-மணியிலும், மூன்றாவதற்கு வெறும் வாட்டிலும் தரப்பட்டிருந்தது. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இந்தக் குழப்பத்தால் ஓர் உயிர் ஊசலாடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலின் மழையில் எங்கள் வேளச்சேரித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீருக்குள் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இணைப்பு துண்டிக்கப்பட்டது. அது சரியான முடிவு. அடுத்த வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் துணையோடு இருந்தார். மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி முதல் இரண்டு மணி நேரத்திலேயே மூழ்கிவிட்டது. அவருடைய மகன் பதறவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் ‘60,000 எம்ஏஎச்’ (மில்லி ஆம்பியர் மணி) என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யப்பட்ட பவர் ஸ்டேஷன் ஒன்றை இணையத்தில் வாங்கி வைத்திருந்தார். தம் இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஎச் (ஆம்பியர் மணி), அதாவது 1,50,000 எம்ஏஎச்; இது 60,000; ஆகவே அதில் ஐந்தில் இரண்டு பங்கு நேரமாவது தாங்கும் என்பது அவர் கணக்கு. கான்சன்ட்ரேட்டரை அதில் செருகியதும் சில விநாடிகளில் பெட்டி அலறிவிட்டு அணைந்துபோனது. வீட்டில் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்ததால் அந்த இரவு கழிந்தது. மறுநாள் காலை தீயணைப்புத் துறையின் படகில் அந்த அம்மாளை ஏற்றி அனுப்பினோம்.

அந்த மகன் படித்தவர், கணக்கும் தெரிந்தவர். அவர் தவறியது எங்கே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்பியர் மணி என்பது மின்னழுத்தத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் பொருள் தரும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட். 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அந்தச் சிறு பெட்டிக்குள் இருந்த லித்தியம் செல்கள் 3.7 வோல்ட், 60-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 222 வாட்-மணிதான். ஐந்தில் இரண்டு பங்கு என்று அவர் நம்பியது உண்மையில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் மேலாக, அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் தரக்கூடிய திறன் 200 வாட். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டருக்கு ஏறத்தாழ 350 வாட் தேவை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வாட்-மணி, குழாய் எவ்வளவு பெரியது என்பது வாட். இரண்டில் எது குறைந்தாலும் கருவி பயன்படாது. விளம்பரத்தில் இரண்டையுமே மறைத்து, பெரிதாகத் தெரியும் எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் வாட்-மணி என்றால் பலருக்குப் புரியாமல் இருக்கலாம். யூனிட் என்றால் புரியாத வீடே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஆள் வரும்போது 100 யூனிட் இலவசம் போக எவ்வளவு என்று கேட்கத் தெரியாத குடும்பத் தலைவி உண்டா? 1,000 வாட்-மணிதான் ஒரு யூனிட். அந்த மகனிடம் ‘இந்தப் பெட்டியில் கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்தான் இருக்கிறது’ என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அதைத் தாயின் மூச்சுக்கு நம்பியிருக்க மாட்டார்.

இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால், தங்கள் கட்டுரை விரித்துச் சொன்ன வேறுபாடுகள் பலவும் சுருங்கிவிடுகின்றன. ஈகோஃப்ளோ டெல்டா 2 என்பது 1,024 வாட்-மணி. ஆங்கர் சோலிக்ஸ் சி1000 என்பது 1,056. ஜாக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 வி2 என்பது 1,070. புளூயெட்டி ஏசி180 என்பது 1,152. நான்குமே ஒரு யூனிட் பெட்டிகள், அவ்வளவுதான். ஜாக்கரி 1,500 வாட் தருகிறது, மற்ற மூன்றும் 1,800 வாட். ஜாக்கரி பதினொரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, புளூயெட்டி பதினாறு கிலோ; மாடிக்குத் தூக்கும் வயதானவருக்கு அந்த ஐந்து கிலோ பெரிய விஷயம். நான்கிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள்தான் உள்ளன. பழைய வகை லித்தியம் செல்கள் சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலே தளரத் தொடங்கும். இவை மூவாயிரம் முறைக்குப் பிறகும் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தக்கவைக்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி கூறுகிறார்கள். சூட்டையும் இவை மேலாகத் தாங்கும். எனவே வாங்குபவர் நிறுவனப் பெயரைவிடச் செல் எந்த வகை என்பதைக் கேட்பதே நல்லது.

ஒரு யூனிட் பெட்டி வீட்டில் எத்தனை மணி நேரம் ஓடும்? உள்ளேயிருக்கும் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றுவதில் ஏறத்தாழ 15 விழுக்காடு வீணாகும் என்று வைத்தால், கைக்கு வருவது 870 வாட்-மணி. எழுபத்தைந்து வாட் இழுக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒன்று, ஒன்பது வாட் எல்இடி விளக்கு இரண்டு, பத்து வாட் ரவுட்டர் ஒன்று என்றால் மொத்தம் 103 வாட். எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே அறையில் முப்பது வாட் பிஎல்டிசி ஃபேன் இருந்தால் பதினைந்து மணி நேரம். பெரிய பெட்டி வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஃபேனை மாற்றச் செலவிட்டாலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. கட்டுரை எழுதியவர் இதைத் தொடாதது எனக்கு வருத்தமே. இன்னொன்று: எதையும் செருகாமல், 230 வோல்ட் சாக்கெட்டை இயக்கும் ஏசி (மாறுமின்சார) பொத்தானை அழுத்தி வைத்திருந்தாலே பெட்டி தனக்கென்று சில வாட்டுகளைத் தின்றுகொண்டிருக்கும். கைப்பேசி சார்ஜ் செய்வதற்கு யுஎஸ்பி முனை போதும். இரவு முழுதும் ஏசி பொத்தானை விட்டுவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விலை கொடுத்து ஒரு யூனிட் மின்சாரத்தைப் பெட்டியில் வாங்குவதா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஃபேனும் விளக்கும் மட்டுமே வேண்டும், வீடு சொந்த வீடு, தண்ணீர் ஏறாத இடம் என்றால், ஈய அமில டியூபுலர் பேட்டரியோடு கூடிய சாதாரண இன்வெர்ட்டரே சிக்கனமானது என்பது என் உறுதியான கருத்து. அதன் 1,800 வாட்-மணியில் மூன்றில் இரண்டு பங்குதான் நடைமுறையில் கிடைக்கும் என்றாலும், அது மேற்சொன்ன பெட்டிகளைவிட அதிகம். விலையோ அவற்றைவிடக் குறைவு. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் ஒரு தொகையும் திரும்பக் கிடைக்கும்.

பெட்டி வெல்லும் இடங்கள் வேறு. 2012-ல் சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் மணிக்கொரு முறை மின்சாரம் போய் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஈய அமில பேட்டரி முழுதும் ஏறுவதற்கு எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும். மின்சாரம் ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போனால் அது எப்போதும் பாதி வயிறாகவே இருக்கும். இப்போதைய லித்தியம் பெட்டிகள் சில ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடுகின்றன. வாடகை வீட்டில் சுவரைத் துளைத்துத் தனி ஒயரிங் செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்காதபோதும் பெட்டி கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளம். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். அதனால்தான் தரைத்தளத்தில், படிக்கு அடியில் கிடந்து முதலில் மூழ்குகிறது. பன்னிரண்டு கிலோப் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோகலாம். வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் நோயாளியோடு படகில் ஏற்றலாம். சுமக்க முடிவது என்ற சிறப்பைக் கொடைக்கானலில் கூடாரம் போடுபவருக்காகவே விளம்பரங்கள் பேசுகின்றன. முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத்தான் அது உண்மையில் தேவைப்படுகிறது.

கூடாரத்துக்கு வேண்டியது மிகக் குறைவு. என் மகள் குடும்பத்தினர் ஆண்டுக்கு ஒரு முறை மன்னவனூர்ப் பக்கம் தனியார் தோட்டம் ஒன்றில் இரண்டு இரவு தங்குவார்கள். நான்கு கைப்பேசி, ஒரு கேமரா, இரண்டு விளக்கு. மூன்றரை கிலோ எடையும் 256 வாட்-மணியும் கொண்ட சிறிய பெட்டி போதுமானதாக இருக்கிறது. அங்கே ஒரு யூனிட் பெட்டி வேண்டும் என்று தோன்றுவது கெட்டிலும் ரூம் ஹீட்டரும் கொண்டுபோகும்போதுதான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க நூறு வாட்-மணி செலவாகும். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம்கூட ஓடாது. சூட்டை கேஸ் அடுப்புக்கும் கம்பளிக்கும் விட்டுவிட வேண்டும். காரின் 12 வோல்ட் முனையிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்பவர்கள், அது பொதுவாக நூறு வாட் அளவே தரும், ஒரு யூனிட் ஏற ஏறத்தாழ பத்து மணி நேரம் காரை ஓட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் ஒரு கவனமும் தேவை: செல்கள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டைச் சார்ஜ் செய்யக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி அனுப்பலாமே என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே விற்பவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஃபேனும் கான்சன்ட்ரேட்டரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மேலும், 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணியர் விமானத்தில் எடுத்துவர அனுமதி கிடையாது.

இனி என் தொழிலோடு தொடர்புள்ள ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சீரமைப்புப் பணிக்காக மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு கிராமத்தில், மின்சாரமே இல்லை என்று உறுதிசெய்யப்பட்ட பாதையில் ஏறவிருந்த எங்கள் தோழரை, கடைசி நேரத்தில் டெஸ்டரில் எரிந்த வெளிச்சம்தான் காப்பாற்றியது. ஒரு வீட்டில் ஜெனரேட்டரை, இரு முனையிலும் பிளக் உள்ள ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்கவில்லை; அதன் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் பாய்ந்திருந்தது. இப்போது அதே முறையில் பவர் ஸ்டேஷனை வீட்டோடு இணைப்பது எப்படி என்று காட்டும் காணொளிகள் சுற்றுகின்றன. பெட்டி சிறியது, வெளியே பாய்ந்தால் சுமை தாங்காமல் தானே நின்றுவிடும் என்கிறார்கள். அறுந்து தனியே தொங்கும் கம்பியில் சுமை ஏது? அது நிற்காது; அந்தக் கம்பியைத் தொடுபவர்தான் வீழ்வார். இந்தப் பெட்டிகளில் கருவிகளை நேரடியாகச் செருக வேண்டும். வீட்டு ஒயரிங்கோடு இணைப்பதானால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வெளி மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பெட்டியின் மின்சாரத்தை வீட்டுக்குள் விடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தே இணைக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதைத் தங்கள் நாளிதழில் தனிப் பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்.

லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு, ஐஎஸ் 16046 என்ற தரத்தின்கீழ், ஏற்கெனவே இருக்கிறது. அது பாதுகாப்பைப் பற்றியது. பெட்டி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைச் சொல்லாது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை கட்டாயமானது போல, பவர் ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் 230 வோல்ட் சாக்கெட்டில் உண்மையில் கிடைக்கும் மின்சாரம் எத்தனை யூனிட், தொடர்ந்து தரக்கூடியது எத்தனை வாட் என்ற இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் அச்சிட மத்திய அரசு ஆணையிட வேண்டும். எம்ஏஎச் கணக்கை இத்தகைய பெட்டிகளின் விளம்பரத்திலிருந்தே நீக்க வேண்டும்.

அரசாணை வரும்வரை தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், அந்த ஒப்பீட்டு அட்டவணையை யூனிட், வாட், கிலோ என்ற மூன்று பத்திகளோடு திருத்தி மீண்டும் வெளியிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பெட்டியை முழுதும் சார்ஜ் செய்துகொள்ளவும், கான்சன்ட்ரேட்டர் உள்ள வீடுகளில் எந்தப் பெட்டி இருந்தாலும் ஒரு சிலிண்டரையும் நிரப்பி வைத்துக்கொள்ளவும் அதன் கீழேயே அறிவுறுத்துங்கள். ஒரு யூனிட் பெட்டியாக இருந்தாலும் கான்சன்ட்ரேட்டர் இரண்டரை மணி நேரம்தான் ஓடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன்,
வேளச்சேரி, சென்னை.