அப்பாவுக்கு எந்த டின்?

தோ பாயோ

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் தசைக்கு எந்தப் புரதப் பவுடர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகுமுன் அவருடைய இஜிஎஃப்ஆர் அளவை, அதாவது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார். நீரிழிவுக்காரர், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

அது சரியாக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். அதையும் வேளைக்கு 25 கிராம் போலப் பிரித்துக் கொடு. வயதான தசை கொஞ்சநஞ்சப் புரதத்துக்கு அசைந்துகொடுக்காது. மதியம் மீனும் பருப்பும் இருக்கிறது, கவலையில்லை. இரண்டு தோசை, ஒரு கோப்பி என்று முடிகிற காலை வேளைதான் ஓட்டை. 8 கிராம் தேறினாலே அதிகம். இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். முட்டை பிடிக்காத நாளில் பவுடர்.

பாலிலிருந்து பிரித்தெடுக்கிற வே புரதத்தில் ஒரு ஸ்கூப், அதாவது 30 கிராம் தூளில், 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். முதியோருக்கென்று விற்கும் பால்மாவு பலவற்றில் ஒரு கோப்பைக்கு 10 கிராம்கூடத் தேறாது, மாவுச்சத்துதான் அதிகம். சாப்பாடே இறங்காதவருக்கு அது உதவும், அப்பாவுக்கு எதற்கு? விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற கொலாஜன் புரதமும் வேண்டாம். தசை வளர்ச்சியைத் தூண்டுகிற லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு, உடலுக்குத் தேவையான இன்னொன்றான டிரிப்டோபான் அறவே இல்லை. வயிறு உப்பினால், பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய வே ஐசோலேட்டோ சோயாப் புரதமோ வாங்கு.

பாலை முதலில் ஊற்றி, பிறகு தூளைப் போட்டுக் கலக்கு. கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் திரிந்து கட்டிதட்டும். மறுநாள் டின்னைத் தொடமாட்டார்.

தசை வலுவுக்கென்று விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தூளும் கொடுப்பதானால் தினம் 3 கிராம் போதும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை அது சற்று உயர்த்திக் காட்டும். பலதுறை மருந்தக டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் சிறுநீரகக் கோளாறு என்று பயந்துவிடுவார்கள்.

பயிற்சி இல்லாமல் இதெல்லாம் பெரும்பாலும் வீண்செலவு. காலை நடை இதயத்துக்கு நல்லது, தொடைத்தசைக்குப் போதாது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கலாம். அதையே பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், புளோக் கீழ்த்தளத்திலேயே செய்யட்டும். சுலபமானதும் கையில் தண்ணீர் போத்தல் பிடிக்கலாம்.

ரத்தப் பரிசோதனைத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதுவரை டின் வாங்காதே.

அன்புடன்,
மாறன்