மாவுக்கட்டு பிரிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு யாராவது சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். எங்க அம்மா 22 வருஷமா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கறவங்க. போன ஐப்பசி மழையில மூட்டையோட சரிவுல இறங்கும்போது வழுக்கி விழுந்து, விழற வேகத்துல கையை ஊனிட்டாங்க, வலது மணிக்கட்டு கிட்ட எலும்பு முறிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டாங்க, 6 வாரம் கழிச்சு பிரிச்சாங்க, எலும்பு கூடிடுச்சு, இனி பயமில்ல வீட்டுக்குப் போங்கன்னாங்க. டாக்டரை நான் குறை சொல்லல, அன்னைக்கு வாசல் வரைக்கும் நின்ன கூட்டத்தை நானும்தான் பார்த்தேன்.

ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தா அந்தக் கை அம்மா கை மாதிரியே இல்லைங்க. தோல் வறண்டு செதில் செதிலா உரியுது, முன்னங்கை சூம்பிப் போய் இடது கையில பாதிதான் இருக்கு, விரலை மடக்கினா உள்ளங்கையை தொடல. டீத்தூள் டப்பா மூடியை திருக முடியாம என்னைக் கூப்பிட்டாங்க. தோளும் சேர்ந்து பிடிச்சுக்கிச்சு, கையைத் தூக்கி தலை வார முடியல. கழுத்துல துணி கட்டி 6 வாரமும் கையை ஆடாம அசையாம வெச்சிருந்தாங்க, அதுதான் நல்லதுன்னு நாங்களும் நினைச்சோம்.

பக்கத்து வீட்டு அத்தை பாசத்துலதான் வந்து எண்ணெயைக் காய்ச்சி அழுத்தி நீவி விட்டாங்க, மறுநாள் கை வீங்கி பளபளன்னு ஆகிடுச்சு. அதுக்கப்புறம்தான் டவுன்ல பிசியோதெரபிக்கு கூட்டிட்டுப் போனேன். அந்த தங்கச்சி கோணம் அளக்கற ஸ்கேல் மாதிரி ஒண்ணை மணிக்கட்டுல வெச்சுப் பார்த்துட்டு சொன்னுச்சு, நல்ல கை மேல் பக்கமா 70 டிகிரி கிட்ட மடங்கணும், அம்மாவுக்கு 20 தான் வருதுன்னு. கட்டு போட்ட அன்னைல இருந்தே விரலை மடக்கி நீட்டணும், முழங்கை தோள் எல்லாம் அசைச்சுகிட்டே இருக்கணும், அப்பத்தான் வீக்கம் இறங்கும் மூட்டு இறுகாதுன்னு அது சொன்னப்போ, இதை அன்னைக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. முழங்கையில அடிபட்டா நீவி விடவே கூடாதாம், சதைக்குள்ளயே எலும்பு மாதிரி வளர்ந்து கை மடக்கவே வராம போயிடுமாம். நம்ம மலையில எத்தனை வீட்டுல இது தெரியும்?

கொடுத்த பயிற்சி எல்லாம் வீட்டு சாமானை வெச்சுதான். வாளியில இளஞ்சூடா தண்ணி ஊத்தி கையை உள்ள விட்டு மேலயும் கீழயும் மடக்கறது. சப்பாத்தி மாவு உருண்டையை பிசையறது. நீளக் கரண்டியை காம்பு நுனியில பிடிச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுகிட்டு, உள்ளங்கை மேல வர்ற மாதிரியும் கீழ போற மாதிரியும் மெல்ல சாய்க்கறது. கும்பிடற மாதிரி ரெண்டு உள்ளங்கையையும் ஒட்ட வெச்சு, அப்படியே கையை வயிறு பக்கமா இறக்கறது, இதுலதான் அம்மாவுக்கு கண்ணுல தண்ணி வந்துடும். லேசா இழுத்துப் பிடிக்கற வலி பரவாயில்ல, ஆனா ராத்திரி வரைக்கும் வலி நின்னா அதிகமா பண்ணிட்டீங்கன்னு அர்த்தம், மறுநாள் குறைச்சுக்கணும்னாங்க. 2 மாசத்துல 20 டிகிரி 55 ஆச்சு.

இதுல எங்களுக்கு இருந்த கஷ்டம் பயிற்சி இல்ல, போய் வர்றதுதான். பொம்பளைங்களுக்கு பஸ் டிக்கெட் இல்லதான், ஆனா காலையில போற பஸ்ஸை பிடிச்சு மதியம் திரும்பினா கூட வர்ற எனக்கு அன்னைக்கு கூலி போச்சு. வாரத்துக்கு 3 தடவை வரச்சொன்னா யாரால முடியும். இதனாலயே ரெண்டு மூணு தடவையோட விட்டுட்டு, கை கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்னு இருக்கறவங்க எங்க லயன்லயே (தோட்டத்துக்காரங்க வரிசை வீடு) இருக்காங்க.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க, வாதம் வந்து படுத்துட்ட எங்க பெரியப்பாவுக்கு அதனால நடக்கவே வந்துச்சு, ரொம்ப நல்ல திட்டம். அதே மாதிரி எலும்பு முறிஞ்சவங்களுக்கும் வாரத்துல ஒரு நாள், இந்தக் கிழமைன்னு குறிச்சு வெச்சு, பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே ஒருத்தர் வந்தா போதும், மீதி நாள் நாங்களே வீட்டுல செஞ்சுக்குவோம். கட்டு போடற அன்னைக்கே தமிழ்ல படம் போட்டு ஒரு தாள் கையில கொடுக்கட்டும், படிக்கத் தெரியாதவங்களும் படத்தைப் பார்த்து செய்வாங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் ஊட்டிக்கு வர்றதுக்கே பாதி நாள் ஆகிடுது, அவங்க நிலைமையையும் உங்க நிருபர் ஒரு தடவை நேர்ல போய் பார்த்து எழுதணும்னு கேட்டுக்கறேன்.

அம்மா போன வாரத்துல இருந்து திரும்ப கொழுந்துக்குப் போறாங்க. கொழுந்து வெட்டற கத்தரியை பிடிக்கற அளவுக்கு இன்னும் பலம் வரல, கையாலதான் பறிக்கிறாங்க, சாயங்காலம் வந்ததும் கரண்டியை எடுத்துகிட்டு உட்கார்ந்துடறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.