882 ஹெட்டைத் தூக்கிப் போடு

கோயமுத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. நீ பிரித்த கார் எஞ்சினின் நாலு போட்டோவும், எந்த சிலிண்டர் ஹெட் மாற்றலாம் என்று கேட்டு அனுப்பிய லிஸ்ட்டும் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராக்கர் மூடியைக் கழற்றி எடுத்த போட்டோவில் வார்ப்பு எண் தெரிகிறது. கடைசி மூன்று எண் 882. உன் செவெல் கார் 1972 மாடல். சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் இந்த ஹெட் 70-களின் நடுவில் வார்த்தது. முன்னால் வைத்திருந்தவன் எவனோ மாற்றியிருக்கிறான். அதனால் ஒரிஜினல், ஒரிஜினல் என்று அதைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சூடானால் விரிசல் விடும் என்று பேர் வாங்கிய வார்ப்பு அது. நம்பிக்கை இல்லையென்றால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே சாக்பீஸ் பொடியைத் தூவிப் பார். கொஞ்ச நேரத்தில் முடி மாதிரி ஈரக்கோடு எழும்பினால் ஹெட் காலி.

மூன்றாவது போட்டோவில், பெஞ்சுக்குப் பின்னால் மடக்குக் கட்டில் ஒன்று தெரிகிறது. அதன் மேல் பச்சைப் போர்வை. நாங்கள் வந்திருந்தபோது மாடி அறையில் எங்களுக்குக் கொடுத்த போர்வை. டெட்ராய்ட் குளிரில் கராஜ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எஞ்சின் பிளாக்கில் வெறும் தண்ணீர் நிற்க விடாதே, உறைந்தால் பிளந்துவிடும். அங்கே ஹீட்டர் இருக்கிறதா? எஞ்சினுக்காகத்தான் கேட்கிறேன்.

கம்ப்ரெஷன் விகிதம் கணக்கு போட்டாயா? 350 கன அங்குலத்தை எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 717 சிசி. உன் ஹெட்டில் பெட்ரோல் எரிகிற அறை 76 சிசி. கேஸ்கெட், பிஸ்டன் மேல் வெட்டு, மேல்விளிம்பு இடைவெளி எல்லாம் சேர்த்து 19 என்று வை. ஆக 95. 717-ஐயும் 95-ஐயும் கூட்டி 95-ஆல் வகுத்தால் 8.5. அதே எஞ்சினில் 64 சிசி ஹெட் வைத்தால் 83. 800-ஐ 83-ஆல் வகு, 9.6 வரும். இது பிஸ்டன் தட்டையாக இருந்தால். குழிந்த பிஸ்டன் என்றால் இன்னும் குறையும், அதைப் பார்த்துச் சொல். எதை வாங்கினாலும் கடைக்காரன் பேச்சை நம்பாமல் பியூரெட் அளவுக் குழாய் வைத்து நீயே அளந்து பார்.

உன் லிஸ்ட்டில் முதலாவது ஒட்டகத் திமில் குறி போட்ட பழைய ஹெட். ஆசையாகத்தான் இருக்கும். ஈயப் பெட்ரோல் காலத்துச் சாமான் அது. இன்றைய பெட்ரோலில் ஓட்ட எக்ஸாஸ்ட் சீட்டைக் குடைந்து கடின இன்செர்ட் அடிக்க வேண்டும். இங்கே 2000-ல் ஈயம் நின்றபோது அம்பாசடர்களுக்கு நான் எத்தனை அடித்தேன், நீதானே எண்ணிக் கொடுப்பாய். 69-க்கு முந்திய ஹெட்டாக இருந்தால் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மாட்டத் துளையும் இராது.

அலுமினியம் நல்ல சாமான். எடை குறையும், சூட்டைச் சீக்கிரம் கடத்தும், கம்ப்ரெஷன் கொஞ்சம் ஏறினாலும் எஞ்சின் தட்டுகிற நாக்கிங் வராது. ஆனால் நீ கேட்பது 210 சிசி இன்டேக் வழி, அதாவது காற்று உள்ளே போகிற வாய். எதற்கு? சிக்னலில் நின்று கிளம்புகிற 350-க்கு 180 போதும். வாய் பெரிதானால் கீழே காற்று வேகம் செத்துப்போகும், இழுவையே இருக்காது. ஆறாயிரம் ஆர்பிஎம் சுற்றுகிறவனுக்குத்தான் அது. பின்சீட்டில் பாப்பாவை வைத்துக்கொண்டு நீ எங்கே ஆறாயிரம் சுற்றப் போகிறாய்?

என்னைக் கேட்டால் 96-லிருந்து ஷெவி பிக்அப்புகளில் வந்த வோர்டெக் ஹெட். கடைசி எண் 906 அல்லது 062. இரும்புதான், 64 சிசி, காற்றோட்டம் உன் 882-ஐ விட எவ்வளவோ மேல். பழைய இன்டேக் மேனிஃபோல்டு உட்காராது, அதற்கென்றே ஒன்று வாங்கணும். ராக்கரும் மூடியும்கூட வேறு. வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கிற உயரம், 0.460 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கிற ரிடெய்னர் கைடில் இடிக்கும்.

உன் போட்டோவைப் பட்டறைப் பையன்களிடம் காட்டினேன். ஒரு வி-8-ஐத் தனி ஆளாகப் பிரித்திருக்கிறான் பாருங்கடா என்றேன். ஆனால் பிரித்துப் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போவது உன் பழைய பழக்கம். உன் மோபெட் இன்னும் சாக்கில்தான் கிடக்கிறது.

உன் வீட்டு அம்மணி இந்த மாதம் போனே பண்ணவில்லை என்று அம்மா சொன்னாள். வேலை அதிகமாக இருக்கும். உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் நாற்காலி போட்டு நாமெல்லாம் பழைய வண்டி ஊர்வலம் பார்த்தோமே, அன்றைக்கு இந்த மாதிரி ஒன்று வாங்கலாம் என்று முதலில் சொன்னதே அம்மணிதான். எந்த ஹெட் என்று அதனிடமும் ஒரு வார்த்தை கேள்.

ஒன்று சொல்லணும். 94-ல் பஸ் எஞ்சின் ஆர்டர் என்று ஏழு மாதம் பட்டறையிலேயே படுத்திருந்தேன் அல்லவா? அப்படிப் பெரிய ஆர்டர் ஒன்றும் இல்லை. இரண்டே எஞ்சின், மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. அம்மா சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீ தினமும் சாயங்காலம் தூக்குப்போசியோடு வருவாய். ஒருநாள் "அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடலைப்பா" என்று வாசலிலேயே நின்றாய். நான் வால்வு தேய்க்கிற லேப்பிங் குச்சியைக் கீழே வைக்கவில்லை. "அந்தப் பேஸ்ட் டப்பாவை எடு" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாய். எட்டு மணிவரை அதே வால்வைத் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து சீட் அகலமாகி, வால்வு உள்ளே இறங்கி, கடைசியில் நாலு வால்வையும் பழைய இரும்புக்குப் போட்டேன். திருப்பூர் அத்தை வந்து இழுத்துப் போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் கிடந்திருப்பேனோ. இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சரி. ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, 65 அடி-பவுண்டு வரை முறுக்கு. துளைகள் தண்ணீர் ஜாக்கெட்டில் போய் இறங்குகின்றன, மரையில் சீலன்ட் தடவ மறக்காதே.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது கராஜிலிருந்து வேண்டாம், அடுப்படியிலிருந்து கூப்பிடு. யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரச் சத்தம் கேட்டால் போதும் என்கிறாள் அம்மா.

அப்பா

பி.கு: 210 வேண்டவே வேண்டாம்.