நயம் பாராட்ட கைடு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இவர்களிடம் ஒரு பாட்டைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்றால் போதும், பாட்டைப் படிக்காமலேயே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பு போட்டு, 'காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனை', 'மதுரைக்கு வைகை செய்யுளுக்கு எதுகை' என்று எழுதி, முதலெழுத்து ஒத்து வருகிற இரண்டு சொல்லைத் தேடி அடிக்கோடு இழுத்தால் முடிந்தது. கம்பராக இருந்தாலும் சரி, பாரதியாக இருந்தாலும் சரி, விடை ஒன்றுதான், மார்க்கும் வந்துவிடுகிறது. ஆனால் 'இதுல யாரு பேசுறாங்க?' என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

பிள்ளைகள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பாடநூலில் 'கற்பவை கற்றபின்' பகுதியில் கலந்துரையாடச் சொல்லித்தான் இருக்கிறது, பரீட்சைக்கு வராது என்பதால் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அப்புறம் ஒருநாள் திடீரென்று 'பேசுங்க' என்றால் எப்படிப் பேசுவார்கள்? பேசுவதற்கும் பழக்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் நாளே இதைப் பலகையில் எழுதிப்போட்டு, பொழிப்புரை எதுவும் சொல்லாமல் நாலைந்து சொல்லுக்கு மட்டும் பொருள் கொடுத்து, கையால் எழுதிக்கொண்டு போகச் சொல்வேன். மறுநாள் வரும்போது ஆளுக்கொரு கேள்வியோடு வர வேண்டும், 'புரியல' என்பதையே கேள்வியாக எழுதி வந்தாலும் சரி. அப்புறம் வாய்விட்டு இரண்டு தடவை படிப்போம், நான் ஒரு தடவை, ஒரு பிள்ளை ஒரு தடவை. கானா கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஓசை எங்கே திரும்புகிறது என்று அவர்கள் காதே பிடித்துவிடும். முதலில் கேட்பதெல்லாம் பாட்டில் கண்ணுக்குத் தெரிவதைத்தான்: போன மாதம் என்ன இருந்தது, இந்த மாதம் என்ன இல்லை, எது மாறவே இல்லை? 'நிலா மட்டும் மாறல' என்பது அவர்கள் வாயிலிருந்தே வருகிறது. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டதையும் பாரியை வஞ்சனையால் கொன்றதாகச் சொல்லப்படுவதையும் அதற்குப் பிறகுதான் சொல்வேன். முதலிலேயே கதையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பாட்டைப் பார்ப்பதில்லை.

வஞ்சனையால் ஜெயித்தவர்களைப் போய் 'வென்றெறி முரசின் வேந்தர்', அதாவது வெற்றி முரசு கொட்டும் அரசர்கள் என்று ஏன் சொல்ல வேண்டும்? 'குத்திக் காட்டுறாங்க மிஸ்' என்றாள் ஒருத்தி. 'இல்ல, நிஜமாவே பயந்துபோய் சொல்றாங்க' என்றான் இன்னொருவன். இங்கே நான் தீர்ப்பு சொல்லக்கூடாது, 'எந்த வரியை வச்சு அப்படிச் சொல்ற?' என்று மட்டும் கேட்க வேண்டும், சரியாகச் சொல்கிற பிள்ளையிடமும்தான். இந்த ஒரு கேள்வி பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பையன் தன் பெரியம்மா வீட்டை இடித்துவிட்டு, ஊரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்ததைச் சொன்னான். வடசென்னையில் எந்த வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதைப் 'பாடத்துக்கு வெளியே' என்று தள்ளக்கூடாது, அதிலேயே நின்றுவிடவும் கூடாது. எந்த வரி அதை ஞாபகப்படுத்தியது என்று கேட்டேன். 'குன்றும் கொண்டார்' என்று காட்டினான். அந்த வரியைத் திரும்பப் படித்தபோதுதான் பக்கத்திலிருந்த பெண் கவனித்தாள்: முதலில் அப்பா, அப்புறம் குன்று, கடைசியில் குன்று முன்னால் வந்து அப்பா பின்னால் போய்விடுகிறார். ஏன் மாறியது என்று அன்றைக்கு முழுக்கப் பேசினார்கள். எந்த கைடும் இவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போர்ஷன் முடிக்க வேண்டும், நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம், இயலுக்கு ஒன்று போதும். பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் நெருக்கடியும் குறைவு.

ஆனால் மனப்பாடம் செய்த விடைக்கே முழு மார்க் கிடைக்கிற வரை, இதற்கு நேரம் ஒதுக்க யாருக்கும் மனசு வராது. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் மட்டும் பத்துப் பேர் என்பார்கள். மணக்குடவரும் பரிமேலழகரும் அதிகாரத்துக்குள் குறள்களை அடுக்கும் வரிசையில்கூட ஒத்துப்போவதில்லை. அப்படி ஒரு மரபிலிருந்து வந்த நாம் ஏன் ஒரே விடைக்குறிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? தேர்வில் படிக்காத பாட்டு ஒன்றைக் கொடுத்து, 'உங்கள் கருத்தை எழுதி, அதற்கு ஆதாரமான அடியைக் காட்டுக' என்று கேட்கட்டும். அடி பொருந்தினால் கருத்து எதுவானாலும் மார்க் போடச் சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலேயே இப்படி ஒரு கேள்வி வைத்துப் பார்க்கலாம், பொதுத்தேர்வு வினாத்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.