ஓடு என்றால் ஓடிவிடுவதா?

ஸ்காபரோ, கனடா,
மாசி மாதம்.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் நாளாந்தம் கதைக்கிறோம்தான். ஆனால் அப்பாவுக்குக் கையால் எழுதினால்தானே கடிதம். அதோடு இந்தக் கதையைப் போனில் தொடங்கினால் அம்மா இடையில் "சாப்பிட்டியோ" என்று கேட்டு அறுத்துவிடுவா.

முழங்கைக் காயம் ஆறிவிட்டது. எப்படி விழுந்தேன் என்று அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். களஞ்சியத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். மேற்பார்வையாளர் வந்து, இன்றைக்குக் 'கோப்பி ரன்' உன்னுடையது என்று காசைக் கையில் வைத்தார். நாலு கோப்பி, எல்லாம் 'டபிள் டபிள்'. அதாவது இரண்டு கிரீம், இரண்டு சீனி. எனக்குக் காதில் விழுந்தது 'ரன்' மட்டும்தான். புது வேலை, ஓடச் சொன்னால் ஓடத்தானே வேண்டும்? ஓடிப்போய் வாங்கினேன், ஓடியே திரும்பினேன். கார் நிறுத்துகிற இடத்தில் தரை கறுப்பாக, ஈரம் மாதிரிக் கிடந்தது. ஈரமில்லை, ஐஸ். மட்டைத் தட்டில் குத்தி வைத்திருந்த நாலு கோப்பையும் எனக்கு முன்னால் பறந்தன. வெள்ளைப் பனியில் நாலு பழுப்புப் பொட்டு. ஆவி பறந்துகொண்டிருந்தது.

எல்லோருக்குமாக ஒருவர் போய் வாங்கி வருவதற்குத்தான் கோப்பி ரன் என்று பெயராம். ஆடியசைந்து நடந்தே போகலாம். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை, பாவம். பிளாஸ்ரர் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்.

அப்பா, ஆறாம் வகுப்பில் விறாந்தையில் இருத்தி "ரன், ரான், ரன்" என்று நீங்கள் பாடமாக்க வைத்த சொல் இது. நீட்டு நீட்டான சொல்லெல்லாம் இங்கே எனக்குப் பிரச்சினையில்லை. இந்த மூன்றெழுத்துதான் விழுத்தியது.

புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் 'லிங்க்' என்று இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறது. பின்னேரம் அங்கே போகிறேன். ஆசிரியையிடம் கதையைச் சொன்னேன். 1989இல் வந்த ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியில் 'செற்' (set) என்ற சொல்தான் முதலிடமாம், 430 கருத்துகள். இப்போது திருத்திக்கொண்டிருக்கிற மூன்றாம் பதிப்புக்கு எண்ணியபோது 'ரன்' முந்திவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645. அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க ஓர் அகராதிக்காரருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். ஒரு பிள்ளை பெறுகிற காலம்!

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்தான். பால் முடிந்தால் பாலை விட்டு 'ரன் அவுட்' ஆகிறார்கள். மருத்துவர் காய்ச்சல் 'ரன்' பண்ணுகிறாயா என்று கேட்கிறார். எங்களுக்கு மூக்கு ஓடும், காய்ச்சல் காயும். இவர்களுக்கு இரண்டும் ஓடுகிறது. அம்மா தந்துவிட்ட சிவப்புத் துவாயை வெள்ளைச் சட்டைகளோடு மெசினில் போட்டுவிட்டேன், அதுவும் 'ரன்'தான். சாயம் ஓடி, இப்போது எனக்கு மூன்று ரோசாச் சட்டைகள் இருக்கின்றன.

வீடு வாடகைக்கு விடும் விளம்பரத்தில் 'ரன்னிங் வோட்டர்' என்று போட்டிருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். எனக்கு யாழ்ப்பாணத்து வழுக்கியாறுதான் நினைவுக்கு வந்தது. ஓடுகிற தண்ணீர் என்று எங்களுக்கிருப்பது அது ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும்.

தேர்தல் கதை அப்பாவுக்குப் பிடிக்கும். நீங்கள் படிப்பித்த பிரித்தானிய ஆங்கிலத்தில் வேட்பாளர் தேர்தலில் 'நிற்பார்'. தமிழிலும் நிற்பார். இங்கே 'ஓடுகிறார்'. மாமா பிரதேச சபைக்கு நின்றே தோற்றவர், இந்தக் குளிரில் ஓடச் சொன்னால் என்ன செய்திருப்பாரோ.

அடுத்த மாதம் வடக்கின் பெரும் சமர் கிரிக்கெட் போட்டி வருகிறதல்லவா, மத்திய கல்லூரி எத்தனை ஓட்டம் என்று உடனுக்குடன் எழுதுங்கள். இங்கே பேஸ்போலிலும் 'ரன்'தான் கணக்கு. ஆனால் ஒரு விசேஷம்: எங்கள் ஆள் சிக்ஸர் அடித்தால் நின்ற இடத்தில் நிற்பான். இவர்கள் பந்தை வேலிக்கு வெளியே அடித்தாலும் நாலு மூலையும் சுற்றி ஓடி வந்தால்தான் கணக்கில் சேரும். வீண் வேலை என்பது என் எண்ணம்.

ஆனால் ஆங்கிலத்தை மட்டும் நக்கலடிக்கவும் ஏலாது. என்னோடு அறையில் இருப்பவர் திருச்சிக்காரர். "நான் கார் ஓடப் பழகுகிறேன்" என்றேன். "கார்கூடவா ஓடுவீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். அவர்கள் கார் ஓட்டுவார்கள், நாங்கள் கார் ஓடுவோம். அன்றிரவு இருவருமாக எண்ணத் தொடங்கினோம். படம் ஓடும். கடை ஓடாது. ஒன்றும் ஓடவில்லை என்றால் மூளை நின்றுவிட்டது. பொடியனும் பெட்டையும் ஓடினால் ஊரே கதைக்கும். வயிற்றாலும் ஓடும், மன்னிக்கவும். அதற்குமேல் நித்திரை வந்துவிட்டது.

மிச்சத்தை அப்பா எண்ணி எழுதுங்கள். ஆமை ஓடு, முட்டை ஓடு வேறு சொல்லென்று தள்ளிவிடுவீர்களோ தெரியாது. கூரை ஓடுகளை மட்டும் தள்ள வேண்டாம். குசினிக்கு மேலே இரண்டு உடைந்து ஒழுகுகிறது என்று அம்மா சொன்னா. காசு வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், அடுத்த மாரிக்கு முன் மாற்றிவிடுங்கள். அப்பா ஏற வேண்டாம், ஆள் பிடியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மகன்.