மொழிப் பத்தியை வைப்பதா, எடுப்பதா?

ரோஸ்ஹில், மொரிஷியஸ்
18 நவம்பர் 2023

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பரீட்சைத் தாள்கள் மேல் பழியைப் போடலாம், அது பாதி உண்மை. மீதி என் சோம்பல். நேரில் பார்த்தால் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் கொட்டித் தீர்ப்போம். எழுதினால் மட்டும் தமிழ் என்று மோகாவில் படித்த காலத்தில் சபதம் போட்டோமே, அதைக் காப்பாற்ற இன்று மேசையைத் துடைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா நலம். முழங்கால் வலிதான் விடவில்லை. நான் தாள் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். 1977-ல் இடைநிலைக் கல்வி இலவசமானபோது அவருக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்று இன்றும் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ரெக்டர், அதாவது தலைமையாசிரியர், எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஏழாவது முதல் ஒன்பதாவது வரை எந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள், யார் எதில் பின்தங்குகிறார்கள் என்று ஆசிரியர் கூட்டத்துக்கு ஒரு தாள் தயாரிக்க வேண்டுமாம். "உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றார். கம்ப்யூட்டரில் அடிக்கப்போகும் தாளுக்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்கவில்லை.

ரிஜிஸ்டரைப் பிரித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வின் மதிப்பெண், தேர்ந்தெடுத்த மொழி. அவ்வளவுதான். இனம் என்று ஒரு பத்தி இந்த நாட்டில் பள்ளிப் படிவத்திலும் சென்சஸ் படிவத்திலும் வராது என்பது உனக்கும் தெரியும். கடைசியாகக் கேட்டது 1972 சென்சஸில். 1982-ல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். (தேர்தலில் தோற்றவர்களில் சிலருக்குச் சமூக வாரியாகத் தரும் பெஸ்ட் லூசர் இடங்களைப் பங்கிட மட்டும் அந்த 1972 கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது!) ஆனால் மொழிப் பாட மணி அடித்ததும் என்ன நடக்கிறது? இந்திப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, உருதுப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, தெலுங்கு, மராத்தி வேறு அறைகளுக்கு, என் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம், மற்றவர்கள் கிரியோல் வகுப்புக்கு. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் வராந்தாவில் நின்று பார்த்தால் முழு சென்சஸும் கண் முன்னால் நடந்து போகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் மதிப்பெண்களை மொழிப்படிதான் பிரித்தேன். தமிழ் வரிசை மேலே, கிரியோல் வரிசை கீழே. உன்னிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் உள்ளே குளிர்ந்துதான் போனது. அப்புறம் முகவரிகளைப் பார்த்தேன். மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் பக்கத்து வீடுகள், மாலையில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் காசு கொடுத்து லெசோன் (டியூஷன்) போகிறவர்கள். கீழே இருந்தவர்கள் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். 2005 முதல் மாணவர்களுக்கு பஸ் இலவசம், அது பெரிய உதவி. ஆனால் போய் வரும் இரண்டு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? தமிழ் வரிசையிலேயே தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வரும் நாலைந்து பேர் அடிமட்டத்தில் கிடந்தார்கள். அவர்களை நானே முதல் தடவை கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் பாடத்தில் 80 வாங்கும் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால், "மிஸ், மோ கபாவ் ஆல் ப்வார் தெலோ?" என்று கிரியோலில்தான் கேட்கும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது, நானும் அள்ளிப் போடுகிறேன். அந்த 80 மொத்தத்தில் கலந்து, கணக்கில் 25 வாங்கியதை மூடிவிடுகிறது.

எக்ஸ்டெண்டட் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பி.எஸ்.ஏ.சி. தேறாதவர்களை 2018 முதல் அப்படித் தனியாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒன்பதாவது முடிவில், மூன்று வருஷத்தில் எழுதும் என்.சி.இ. தேர்வை இவர்கள் நாலு வருஷத்தில் எழுத வேண்டும். ஒரு வருஷம் கூட்டிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் வந்து ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். பாடப்புத்தகம் ஆங்கிலம், ஆசிரியர் விளக்குவது பாதி பிரெஞ்சு, பிள்ளைக்குத் தெரிந்தது கிரியோல். கூட்டலும் கழித்தலும் தெரியாமல் இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாமல் நிற்கிறார்கள்.

அதில் ஒரு பையன், கிரியோல் சமூகத்துப் பிள்ளை, வெள்ளிக்கிழமைகளில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறான். போன வருஷம் பாட்டிக்கு நேர்ந்துகொண்டு காவடி எடுத்தானாம். "அரோகரா என்றால் என்ன மிஸ்?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் என் தமிழ்ப் பிள்ளை ஒன்றும் இதைக் கேட்டதில்லை. எனக்கே நிதானமாகச் சொல்ல இரண்டு நிமிஷம் பிடித்தது. அவன் பெயர் என் ரிஜிஸ்டரில் இல்லை. சேர்க்கலாமா என்று ஆபீஸில் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். அவன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான்.

நீ இருக்கும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் இனத்தைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் பெற்றோரின் தொழிலை வைத்து ஒவ்வொரு கொலேஜுக்கும் (நடுநிலைப் பள்ளிக்கும்) ஐ.பி.எஸ். என்று ஒரு சமூக நிலை எண் போட்டு, 2022 முதல் ஊரறிய வெளியிடுகிறார்களே, அதுதான் எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது. செயின்ட் ஆந்த்ரேயில் உன் கொலேஜில் அந்தத் தொழில் விவரத்தை எப்படிக் கேட்கிறார்கள்? "வேலை இல்லை" என்று எழுத வீட்டுக்காரர்கள் கூச்சப்பட மாட்டார்களா? காலிப் படிவம் ஒன்று கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. முகவரியும் லெசோனும் வைத்து இன்னொரு தாள் போட்டுவிட்டேன். பழைய தாளில் இருந்த மொழிப் பத்தியை இதில் வைப்பதா எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. வைத்தால் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எடுத்தால், "அது எங்கே?" என்று முதல் ஆளாகக் கேட்கப்போவது எங்கள் மொழி ஆசிரியர்கள்தான்.

தைப்பூசக் காவடி ஜனவரி 25. முக்கால் மணி நேர விமானம்தான், சாக்குச் சொல்லாதே. அம்மா உனக்காக ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி